உள்ளே மங்கலான கறுப்பு

கண் விஷயத்தில் பெட்டிக்காரர் யார்மேலாவது பழி போட வேண்டுமென்றால், அந்த நேரத்தில் பட்டறையில் இருந்த ஒரே ஆள்மேல்தான் போட வேண்டும். அந்த ஆள் அவரேதான். இன்னொருவர் இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று பிறகு பல தடவை நினைத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். சாப்பிட்டுக் கண் சொருகும் மதிய நேரம். மேஜைமேல் அலுமினியப் பெட்டி ஒன்று, இரண்டு செங்கல்லை ஒட்டி வைத்த அளவில். அதற்குள் நீல லேசர். வீட்டிலேயே லேசர் கட்டி மரப்பலகையில் படம் பொசுக்கி விளையாடும் ஒரு பல் டாக்டருடையது. மூடியைத் திறந்தால் லேசர் தானாக அணைந்துவிட வேண்டும் என்பதற்காக மூடியின் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச். ஒளி, முன்பக்கத் துளையின் நட்டநடுவில் வெளிவர வேண்டும். ஒரு மயிரிழை விலகி வந்தது. சரிசெய்ய வேண்டுமானால் மூடி திறந்திருக்க வேண்டும். மூடி திறந்திருந்தால் லேசர் எரியாது. ஆகவே பெட்டிக்காரர் ஒரு அட்டைத் துண்டை நாலாக மடித்து, தன் கையாலேயே பொருத்திய அந்த ஸ்விட்சின் வாயை அடைத்தார்.

அடுத்தது பாதுகாப்புக் கண்ணாடி. ஆரஞ்சு நிறத்தில் தடியாக இருக்கும். நீல ஒளியை ஒரு சொட்டுகூட உள்ளே விடாது. அதுதான் தொல்லை. அதைப் போட்டுக்கொண்டால் ஒளி எங்கே விழுகிறது என்றே தெரியாது. தெரியாததை எப்படி நடுவுக்குக் கொண்டுவருவது? கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். அன்று அவருடைய நெற்றிக்கு முழுப் பாதுகாப்பு இருந்தது.

மூன்றாவது காரியத்தை அவர் முன்கூட்டியே செய்து முடித்திருந்தார். டாக்டர் கொடுத்த வரைபடத்தின் மூலையில் ‘உள்ளே மங்கலான கறுப்பு’ என்று எழுதி, அடியில் அழுத்தமாகக் கோடும் போட்டிருந்தது. பெட்டிக்காரருக்கு மனசு ஒப்பவில்லை. முழுக் கட்டியிலிருந்து குடைந்தெடுத்த பெட்டி. கட்டர் போன தடமே தெரியாமல் இறங்கியிருந்தது உள்சுவர். அதைப் போய்க் கறுப்படிப்பதாவது! பழைய பனியனைக் கிழித்து, பாலிஷ் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தார். சுவரில் அவருடைய மூக்கு முடிகூடத் தெரிந்தது. டாக்டர் வந்து பார்க்கட்டும், ஊரார் வாயையெல்லாம் பிளக்க வைக்கிற மனுஷன் ஒரு தடவை தானும் வாயைப் பிளக்கட்டும், அப்புறம் கறுப்படித்துக்கொள்ளலாம். இதுதான் திட்டம்.

திருகாணியைக் கால் சுற்று திருகினார். ஒளி துளையின் விளிம்பில் பட்டு, அவர் தேய்த்த சுவரில் பட்டு, நேராக அவருடைய வலது கண்ணுக்குள் வந்துவிட்டது. சத்தம் இல்லை, வலி இல்லை. முன் அனுமதி கேட்காமல் யாரோ போட்டோ எடுத்த மாதிரி ஒரு மின்னல். இமையை மூடுவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

கண்ணைத் திறந்தபோது பச்சையாக ஒரு புள்ளி. கொஞ்ச நேரத்தில் மஞ்சள். பிறகு சாம்பல், அதோடு அது நின்றுவிட்டது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வட்டம் இருந்தது, ஓரத்து எண்கள் இருந்தன, நடுவில் முள்ளைக் காணோம். முள்ளைத் தேடிக் கண்ணை நகர்த்தினால் புள்ளியும் கூடவே நகர்ந்தது. எதை நேராகப் பார்க்கிறாரோ அதை மட்டும் விழுங்கிவிட்டு மற்றதையெல்லாம் பத்திரமாகக் காட்டியது.

லேசரை அணைத்துவிட்டு, வெட்டி விழுந்த அலுமினியச் சுருள்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தார். அப்போது மனசில் முதலாவதாக எழுந்த நினைப்பை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ‘ஐயோ, கண்ணு’ என்று அது வரவில்லை. ‘இனிமே அவ வந்துதானே ஆகணும்’ என்று வந்தது.

‘அவ’ என்பது அவர் மனைவி. மகளுக்குக் குழந்தை பிறந்தபோது ஒத்தாசைக்கென்று போனவள். மகள் வீடு ரயிலில் ஒரு ராத்திரி தூரம். குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றாள், நின்றது. பல் முளைக்கட்டும் என்றாள், முளைத்தது. நடக்கட்டும் என்றாள், பேத்தி இப்போது ஓடுகிறாள், ஓடி வந்து போனைப் பிடுங்கித் தாத்தாவின் பேச்சைப் பாதியில் துண்டிக்கிறாள். பாட்டி மட்டும் திரும்பவில்லை. சண்டை என்று எதுவும் கிடையாது. சண்டை நடந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றைப் பண்ணித் தொலைத்திருக்கலாம். அலமாரியில் அவளுடைய துணிமணிகள் பாதி அப்படியே இருந்தன. பாதி இருக்கிறதே, வராமலா போவாள் என்று தேற்றிக்கொள்வார். மீதிப் பாதி அங்கே இருப்பதை அந்தக் கணக்கில் அவர் சேர்ப்பதில்லை.

வாழ்நாள் முழுக்க அளவெடுத்தே பிழைத்தவர் அவர். முன்பு ஒரு தொழிற்சாலையில், அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூமில். அது மூடிய பிறகு வீட்டுப் பின்கட்டில் ஒரு கடைசல் லேத்தும் குடைவதற்கு ஒரு மில்லிங் மெஷினும் வைத்துக்கொண்டு இந்தப் பெட்டிகள். வீட்டில் லேசர் கட்டுகிற பைத்தியங்கள் உலகத்தில் இத்தனை பேர் என்று அதற்கு முன் அவருக்குத் தெரியாது. எல்லாருக்கும் பெட்டி வேண்டியிருந்தது. ஒளி கசியக் கூடாது, சூடு தங்கக் கூடாது, தூசி நுழையக் கூடாது. வரைபடத்தில் அளவு மட்டும் இருந்துவிட்டால் போதும், எவ்வளவு கோணல்மாணலான பெட்டியையும் செய்துவிடுவார். அளவே இல்லாத ஒரே வரைபடம் மனைவி விஷயம்தான். வருவாளா, மாட்டாளா? இரண்டில் எது என்றாலும் அதற்கேற்ப வெட்டிக்கொள்வார். ஆனால் யாரும் சொல்லவில்லை. சரியாகச் சொன்னால், அவர் யாரிடமும் கேட்கவில்லை.

மறுநாள் தனியாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் அவருடைய மகளைவிட இளையவள். மெஷினில் தாடையை வைக்கச் சொல்லிப் படம் எடுத்து, திரையில் மலைத்தொடர் மாதிரி ஒன்றைக் காட்டினாள்.

“இந்த மேடு தெரியுதுங்களா? விழித்திரையில சூடு பட்டு வீங்கியிருக்கு. வீக்கம் வடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.”

“சரியாப் போயிடுமா டாக்டர்?”

“பார்க்கலாங்க.”

கண் டாக்டர் வாயால் ‘பார்க்கலாம்’ என்று வந்தால் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்வோம் என்று சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

இப்போது செய்தி மனைவிக்குப் போய்ச் சேர வேண்டும். தானே போன் பண்ணிச் சொல்லலாம். சொன்னால், ஸ்விட்சை அடைத்தது, கண்ணாடியை நெற்றியில் போட்டது எல்லாம் வெளியே வரும். அதைவிட, ‘நீ வா’ என்று கேட்கிற மாதிரி ஆகிவிடும். அவர் கேட்கக் கூடாது. அவளாகப் பதறி வர வேண்டும். இதற்கு ஏற்ற ஆள் ஒருவன் இருந்தான். மனைவியின் தம்பி. இரண்டு தெரு தள்ளி உலோகக் கடை வைத்திருந்தான்; அலுமினியக் கட்டியெல்லாம் அவனிடம்தான் வாங்குவார். அவன் வாயில் எதுவும் தங்காது. மகள் பரீட்சையில் பாஸான செய்தியை அவனிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, வீட்டில் எல்லாரும் அவருக்கே அதைச் சொன்னார்கள்.

“வாங்க மாமா, வாங்க. என்ன, ஒத்தக் கண்ணைச் சுருக்கிட்டே வர்றீங்க? யாரையாவது குறி பாக்கறீங்களா?”

“உன் தலையைத்தான் மாப்பிள்ளே. அளவா இருக்கு, குறி தப்பாது.”

“கட்டி போன மாசம்தானே ஒண்ணு வாங்கிட்டுப் போனீங்க?”

“அது மேல எனக்குக் கோவம். இன்னொண்ணு குடு.”

பழைய பெட்டியின் உள்ளே மணல் வீசி மங்கலாக்கிக் கறுப்படித்தால் போதும்தான். ஆனால் அந்தச் சுவரை மறுபடி எட்டிப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை கட்டியைத் தூக்கிக் கொடுத்தபோது, வாங்கப் போன கை ஓரிரு விரற்கடை தள்ளிக் காற்றைப் பிடித்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டான். விஷயத்தைச் சொன்னார். அவன் தராசு மேஜைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“அக்காகிட்டச் சொன்னீங்களா?”

“சேச்சே. அவளை எதுக்குப் பதற வைக்கணும்? நீயும் சொல்லிடாதே. என்ன? சொல்லவே சொல்லாதே. முக்கியமா, இன்னைக்குச் சொல்லாதே.”

“என்ன மாமா நீங்க! சொல்வேனா?”

பெட்டிக்காரர் நிம்மதியாக வீட்டுக்கு வந்து, போனை லேத் மேல் திரை மேலே தெரியும்படி வைத்தார். அது அடிக்கவில்லை. சாயங்காலமும் அடிக்கவில்லை. மறுநாள் ஒரு தடவை அடித்தது. குடிநீர் வடிகட்டி வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். தனிமையில் இருக்கிறவனுக்கு விற்பனைக்காரியின் குரல்கூட எவ்வளவு இதமாக இருக்கிறது என்று வடிகட்டியைப் பற்றி நிறையக் கேள்வி கேட்டார். கடைசியில் அவளே களைத்துப்போய் வைத்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்கக் காத்திருந்துவிட்டு மாப்பிள்ளைக்கு அவரே போன் போட்டார்.

“அக்கா ஏதாவது கேட்டாளா?”

“ஒரு வார்த்தை சொல்லல மாமா! வாயைத் தச்சு வச்சிருக்கேன். என் பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லல. வாழ்க்கையில முதல் தடவையா என்னை நம்பி ஒரு ரகசியம் சொல்லியிருக்கீங்க. காப்பாத்த மாட்டேனா?”

பெட்டிக்காரர் சுவரில் தலையை மெதுவாக முட்டிக்கொண்டார். எந்தப் பாவி இவனுக்கு இந்த வயதில் ஒழுக்கம் கற்றுக்கொடுத்தது?

“அதுவும் இல்லாம, பகல்ல அக்காவைப் பிடிக்கவே முடியாது மாமா. கடையில நிக்கிற நேரத்துல போனை எடுக்க மாட்டாங்க.”

“எந்தக் கடையில?”

அந்தப் பக்கம் தராசுத் தட்டு ஒன்று கிணுங்கியது.

“மாப்பிள்ளே, எந்தக் கடைன்னு கேட்டேன்.”

“அது வந்து... லாரி வந்துருச்சு மாமா, சரக்கு இறக்கணும். அப்புறம் பேசறேன்.”

இந்தப் பக்கத்து ரகசியத்தைக் காப்பாற்றியவன் அந்தப் பக்கத்து ரகசியத்தைக் கொட்டிவிட்டான். இவ்வளவு நாள் கட்டி வைத்த வாய் எங்காவது உடையத்தானே வேண்டும்.

மகளைக் கேட்டார். தங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிற ஸ்டேஷனரி கடை என்றாள். ஜெராக்ஸ் எடுக்கிறது, பேனா பென்சில் விற்கிறது, சும்மா பொழுது போகத்தான் என்றாள்.

“பொழுது போகவா? இல்ல, வேலைக்கே சேர்ந்தாச்சா?”

“அப்பா... அம்மாவையே கேளுங்களேன். என்னை எதுக்கு நடுவுல நிறுத்தறீங்க?”

“இல்லம்மா, நீ நடுவுல நின்னா கொஞ்சம் மறைவா இருக்குமேன்னு பாத்தேன்.”

மகள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மனைவியிடமிருந்து போன் வந்தது. அதற்காக அவர் காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். எடுத்தவுடனே கேட்டுவிட வேண்டும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி, வாயைத் திறந்தால் கேள்வி வர வேண்டும்.

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு. நானே சமைச்சு, நானே ருசி பாத்து, நானே பாராட்டி, பாத்திரமும் கழுவியாச்சு.”

அவள் மூச்சோடு கொஞ்சம் சிரித்தாள். “குரல் ஒரு மாதிரி இருக்கே?”

“குரலுக்கு என்ன, அது கல்லு மாதிரி இருக்கு. கண்ணுதான்...”

“கண்ணுக்கு என்ன?”

“தூசி.”

“கண்ணாடி போட்டுட்டு வேலை செய்யுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

“போட்டுட்டுத்தான் செஞ்சேன்.” இது பொய்யில்லை. எங்கே போட்டிருந்தார் என்று அவள் கேட்கவில்லை.

“நீ கடையில நிக்கிறியாமே?” என்றார்.

“தம்பி சொன்னானா?”

“காத்து வாக்குல வந்துச்சு. நல்ல கடைதானா? வாங்க வர்றவரு விக்கிறவங்க புருஷனா இருந்தா ஒரு ரப்பர் இனாம்னு ஏதாவது உண்டா?”

“உங்களுக்கு எல்லாமே விளையாட்டு.”

“சரி, விளையாட்டு இல்லாமயே கேக்கறேன். எப்ப வர்றே? வீட்டுல பல்லியெல்லாம் உன்னைக் காணோமேன்னு தேடுது.”

“பல்லி தேடுதா?”

“ஆமா. ரெண்டு ரொம்ப இளைச்சுப் போச்சு.”

“சரி. பல்லிக்கு என்ன பதில் சொல்றதுன்னு யோசிச்சுச் சொல்றேன்,” என்று அவள் போனைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டாள்.

பேத்தி தாத்தாவுக்கு ஒரு பூனை மாதிரிக் கத்திக் காட்டினாள். பெட்டிக்காரரும் பதிலுக்குக் கத்தினார். பேசி முடித்த பிறகு அடுப்படியில் நின்று யோசித்தபோது விளங்கியது: கேட்டது பல்லி. பதில் வந்தால் பல்லிக்குத்தான் வரும்.

அன்று முகம் மழிக்கும்போது இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். காதுகள் இரண்டும் இருந்தன. முடி இருந்தது, தோள் இருந்தது. நடுவில் ஆளைக் காணோம். ‘வீட்டுல யாருப்பா?’ என்று கேட்டார். சிரிப்பு வரும் என்று நினைத்துத்தான் கேட்டார்.

வேலை ஒன்றுதான் அவரைப் படுத்தாமல் இருந்தது. அதுவும் கொஞ்சம் படுத்தியது. கட்டியை வைஸ் பிடியில் இறுக்கி, சுழலும் கட்டரை அதன் மேல்முகத்தைச் சரியாகத் தொடும்வரை இறக்க வேண்டும். முன்பெல்லாம் பார்வையாலேயே இறக்கிவிடுவார். இப்போது கட்டருக்கும் கட்டிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று கண் சொல்ல மறுத்தது. இரண்டு தடவை அவசரப்பட்டு முகத்தில் கீறிவிட்டார். பிறகு, வேலை பழகிய காலத்து வழிக்குத் திரும்பினார். மெல்லிய காகிதத்தை எண்ணெயில் நனைத்துக் கட்டியின் மேல் ஒட்டி, கட்டரை இம்மி இம்மியாக இறக்கினார். கட்டர் காகிதத்தைத் தொட்டதும் அது சுருண்டு பறக்கும். பறந்தால் வந்து சேர்ந்தாயிற்று என்று அர்த்தம். மனுஷர்கள் விஷயத்தில் இப்படி ஒரு காகிதம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே குடைந்தார். சூடு தணிக்கும் வெள்ளைக் கூலன்ட் வழிந்து, சுருள்கள் சுடச்சுடத் தெறித்தன. சூடு வெளியேறுவதற்காக மேல்பக்கம் வரிவரியாகப் பள்ளம் வெட்டினார். மூடி உட்காரும் விளிம்பைப் படியாக வெட்டினார். நேராக விட்டால் இடுக்கு வழியே ஒளி கசியும், படி இருந்தால் வளைந்து வெளியே போக வழி தெரியாமல் அங்கேயே செத்துவிடும். உள்ளே, இந்தத் தடவை, மணல் வீசிச் சொரசொரப்பாக்கிக் கறுப்பேற்றினார். எட்டிப் பார்த்தால் கிணறு மாதிரி இருந்தது. ஒரு மூக்கு முடியும் தெரியவில்லை.

பல் டாக்டர் பெட்டியை வாங்க வந்தார். வந்தவர் அலமாரியில் இருந்த பழைய பெட்டியைத்தான் முதலில் எடுத்தார்.

“என்னங்க இது, உள்ள கண்ணாடி மாதிரி? முகம் மழிக்கவா?”

“அது கைதவறிப் பொறந்தது டாக்டர். உங்க புள்ளை இந்தாங்க.”

டாக்டர் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். ஸ்விட்ச் ஒவ்வொரு தடவையும் ‘டிக்’ என்று கடமையைச் செய்தது. இரண்டாவது ஸ்விட்சையும் பார்த்தார். ஒன்று கைவிட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று பெட்டிக்காரரே சொல்லாமல் சேர்த்தது. டாக்டர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பெட்டிக்காரர், புள்ளி முகத்தை விழுங்கிவிடக் கூடாதே என்ற பழக்கதோஷத்தில், அவருடைய காதைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“எதுக்கு என் காதைப் பாக்கறீங்க?”

சொல்ல வேண்டியதாகிவிட்டது. டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது.

“என் லேசரா?”

“உங்க லேசர் நல்ல புள்ளைதான். நான் வளத்த விதம் சரியில்ல.”

“விளையாடாதீங்க. மறுபடி எப்ப வரச் சொன்னாங்க? கூட யாரு போறா?”

“அதெல்லாம் ஆளு இருக்கு டாக்டர். இருக்கிற கூட்டத்துல யாரைக் கூட்டிட்டுப் போறதுங்கிறதுதான் குழப்பமே.”

டாக்டர் சுற்றிலும் பார்த்தார். கழுவிக் கவிழ்த்த ஒரு டம்ளர், ஒரு தட்டு, ஒரு நாற்காலி. பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார்.

“என் நாற்காலியில உக்காந்து அழறவங்களை எனக்குத் தெரியும், பயந்து கையைப் பிடிக்கிறவங்களையும் தெரியும். வலிக்குதான்னு கேக்கறப்ப ஜோக் அடிப்பாங்க பாருங்க, அவங்களுக்குத்தான் வேரு வரைக்கும் போயிருக்கும்,” என்றார்.

“பல்லைத்தானே சொல்றீங்க?”

“பல்லைத்தான்,” என்று டாக்டர் போய்விட்டார்.

மறுபரிசோதனைக்கு அவர் தனியாகத்தான் போனார். வரிசையில் அழைத்த நர்ஸ் கையில் மருந்துப் புட்டியோடு கேட்டாள்:

“கூட யாரு வந்திருக்கா? ரெண்டு கண்ணுலயும் மருந்து விடுவோம், கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியாது. தனியா விட மாட்டோம்.”

“வெளிய இருக்காங்க.”

“பேரு சொல்லுங்க, கூப்பிடறேன்.”

“வேண்டாங்க. அவங்க கொஞ்சம் கூச்ச சுபாவம்.”

நர்ஸ் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்திச் சொட்டு விட்டாள். டாக்டர் மறுபடி மலைத்தொடரைக் காட்டினாள். மேடு வடிந்துவிட்டதாம், அந்த இடத்தில் தழும்பு தெரிகிறதாம்.

“புள்ளி இன்னும் கொஞ்சம் சுருங்கலாம். மூளையும் பழகிக்கும். முழுசாப் போகுமான்னு இப்பச் சொல்ல முடியாதுங்க. அடுத்த தடவை பார்க்கலாம்.”

வெளியே கூடத்தில் வந்து உட்கார்ந்தார். இப்போது இரண்டு கண்ணும் விரிந்து, எல்லாம் பாலில் முக்கிய மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஜன்னல் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. எதிரே உருவங்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தன. முகமோ வயசோ தெரியவில்லை. ஒன்று மட்டும் நன்றாகத் தெரிந்தது: எல்லாம் இரண்டிரண்டாகப் போயின. ஒன்று முன்னால் கையை நீட்டி, ஒன்று பக்கத்தில் அந்தக் கையைப் பிடித்து. “படி இருக்கு, பாத்து”, “வலது கால் வை”, “என் தோளைப் பிடி சொல்றேன்ல” என்று அதட்டல்கள் வாசல்வரை கேட்டு மறைந்தன. இப்படி அதட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டியிருக்கிறது என்று பெட்டிக்காரர் நினைத்தார். இந்தத் தடவை அதற்கு மேல் சேர்ப்பதற்கு அவரிடம் எதுவும் அகப்படவில்லை.

கூடம் காலியானது. துடைப்பம் இழுக்கும் சத்தம் பக்கத்தில் வந்து, அவர் கால்களைச் சுற்றிக்கொண்டு போனது. பிறகு செருப்புச் சத்தம் ஒன்று வந்து நின்றது.

“கூச்ச சுபாவம் இன்னும் உள்ள வரலியா?” நர்ஸ்.

அவர் சட்டைப் பையில் இருந்த போனைத் தடவினார்.

“தனியா வந்தேன்னா சொட்டு மருந்து விட மாட்டாங்கன்னுதானே பொய் சொன்னீங்க? தினம் நாலு பேர் சொல்றாங்க.” அவள் குரலில் கோபம் இல்லை. “போனைக் குடுங்க, நான் போட்டுத் தர்றேன். எந்தப் பேருல இருக்கு?”

“‘வீடு’ன்னு இருக்கும்.”

அவள் தேடி எடுத்து, அழுத்தி, அவர் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். ஒத்திகைக்கு நேரமில்லை. மறுமுனையில் மணி அடித்தது. கடை நேரத்தில் போனை எடுக்காத மனைவி, அவர் யோசிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

“என்னங்க, இந்த நேரத்துல?” பின்னால் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“கண் ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கேன்,” என்றார். “லேசர் கண்ணுல பட்டுருச்சு. ஸ்விட்சை நான்தான் அட்டை வச்சு அடைச்சேன். கண்ணாடி நெத்தியில இருந்துச்சு. வலது கண்ணுல நடுவுல ஒரு புள்ளி இருக்கு, போகுமா போகாதான்னு தெரியல. தம்பிக்குத் தெரியும். உனக்கு அவன் சொல்லுவான்னு நினைச்சுச் சொன்னேன். அவன் சொல்லல.”

ஒரே மூச்சில் வந்துவிட்டது. மெஷின் ஒரு தாளை இழுத்தது, இன்னொரு தாளை இழுத்தது.

“நீ வந்துடுவேன்னு நினைச்சுத்தான் சொன்னேன்,” என்றார். “நீ திரும்பி வருவியா, மாட்டியா?”

“கண்ணுக்காகக் கேக்கறீங்களா?”

“இல்ல. கண்ணு நல்லா இருந்தப்பவே கேட்டிருக்கணும். நாளைக்கே சரியாப் போனாலும் இதைத்தான் கேப்பேன்.”

யாரோ இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். “ஒரு நிமிஷம் இருங்க, வந்துடறேன்,” என்று அவள் அவர்களிடம் சொன்னாள். கதவு திறக்கும் ஓசை; மெஷின் சத்தம் நின்று தெருச் சத்தம் வந்தது. அவள் வெளியே வந்து நிற்கிறாள்.

“வரமாட்டேங்க,” என்றாள். “கண்ணுக்கு ஆள் வேணும்னா நாளைக்கே கிளம்பி வந்து, நாலு நாள் கூட இருந்து பாத்துட்டுத் திரும்புவேன். ஆனா இருக்கிறதுக்குன்னு வரமாட்டேன். அந்த வீட்டுல நான் எது சொன்னாலும் உள்ளேருந்து மெஷின் சத்தம் வரும், இல்லன்னா ஒரு ஜோக் வரும். இங்க ஒருத்தர் வந்து பென்சில் கேட்டாக்கூட என்னைப் பாத்துக் கேக்கறாங்க. உங்க மேல கோவமெல்லாம் இல்ல. இத்தனை நாளா நீங்க கேக்கல, நானும் சொல்லல. இப்பக் கேட்டுட்டீங்க. நான் வரமாட்டேன்.”